அருகிருப்போர் கடமை



நீங்கள் ஒவ்வொருவரும் எப்போதேனும் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றிருப்பீர்கள். புறநோயாளர் பகுதியின் இரைச்சலையும், மருந்து வழங்கும் இடத்தின் நீண்ட வரிசையையும் கண்டிருப்பீர்கள். அதே மருத்துவமனையில் எப்போதும் மூடியே இருக்கும் கதவு ஒன்று உண்டு. அதன்மேல் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். கதவுக்கு உள்ளே இருக்கும் நோயாளரைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் மருத்துவ நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் பாய் விரித்து, ஒரு பையும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் துணையாக, இரவு பகலாகக் காத்திருக்கும் உற்றாரைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. அவர்களைப் பற்றியும், அவர்கள் ஆற்றவேண்டிய கடமையைப் பற்றியும் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

‘இஃது எங்கள் வயதுக்கு உரிய செய்தியா?’ என்று நீங்கள் கேட்கலாம். உரிய செய்திதான். வீட்டில் படித்தவர் நீங்கள் ஒருவரே என்றால், மருத்துவர் கூறுவதைக் கேட்டு மற்றவர்களுக்கு விளக்கவேண்டிய பொறுப்பு உங்கள்மேல்தான் விழும். தந்தைக்கோ, உடன்பிறந்தானுக்கோ, உயிர்த் தோழனுக்கோ சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால், அந்தக் கதவின்முன் நிற்கவேண்டியவர் நீங்களாகவே இருப்பீர்கள். அந்நாள் முன்னறிவிப்போடு வருவதில்லை.

நம் முன்னோர் இந்தக் கடமையை அறியாதவர் அல்லர். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை எடுத்துப் பாருங்கள். மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அங்கே பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நான்காவது கூறாக ‘உழைச்செல்வான்’ என்று ஒருவனைக் குறிப்பிடுகிறார். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து வேண்டியன செய்பவனே உழைச்செல்வான். மருத்துவனுக்கும் மருந்துக்கும் இணையாக, அருகிருப்பவனையும் ஒரு கூறாக எண்ணியது வள்ளுவரின் பெருமை. உரையாசிரியர் பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே சென்று, அத்தகையவனுக்கு வேண்டிய பண்புகள் நான்கு என்று வகுத்துக் காட்டுகிறார். நோயாளியிடம் அன்புடைமை, மனம் மொழி மெய் ஆகிய மூன்றாலும் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன அவை.

இங்கே ஓர் ஐயம் எழும். அக்காலத்தில் நோயாளி வீட்டுத் திண்ணையில் கிடந்தான். உறவினர் அருகில் இருந்தனர். இக்காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ உறவினரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். நாளில் சிறிது நேரமே உள்ளே விடுகிறார்கள். அவ்வாறாயின் அந்த நான்காவது கூறுக்கு இன்று இடம் உண்டா? இடம் உண்டு என்பதே என் கருத்து. அதை விளக்குவதற்கு முன், தீவிர சிகிச்சை என்பது எவ்வாறு தோன்றிற்று என்பதை நீங்கள் அறியவேண்டும். அவ்வரலாற்றில் மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1952ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தனர். பலருக்கு மூச்சுத் தசைகளும் தொண்டைத் தசைகளும் செயலற்றுப்போயின. அவ்வாறு வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். இயந்திரத்தால் மூச்சு அளிக்கலாம் என்றாலோ, அவ்வளவு பேருக்கு அங்கே இயந்திரங்கள் இல்லை. அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து வல்லுநர் ஒரு வழி கூறினார். கழுத்தில் சிறு துளையிட்டு, மூச்சுக் குழாயில் ஒரு குழலைப் பொருத்தி, அதனோடு இணைத்த ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். ஆகஸ்ட் 27ஆம் நாள் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாறே செய்தார். அவள் பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது, பையை அமுக்கக் கைகள் வேண்டுமே! மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் முன்வந்தனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள், உங்களை ஒத்த வயதினர், முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து கையால் மூச்சுக் கொடுத்தனர். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள்வரை இவ்வாறு உயிர் தாங்கிக் கிடந்த நாட்கள் உண்டு. கை ஓய்ந்தால் உயிர் ஓயும் என்பதை அறிந்து, வாரக்கணக்கில் அவர்கள் அமர்ந்திருந்தனர். இறப்பு விழுக்காடு முன்னிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு, 1953இல், இப்சன் அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அமைத்தார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் அதையே கூறுவர்.

மாணவர்களே, இன்று அந்த ரப்பர்ப் பையின் வேலையை வென்டிலேட்டர் செய்கிறது. மாணவனின் கை இருந்த இடத்தில் இயந்திரம் இருக்கிறது. ஆயினும் தீவிர சிகிச்சை என்பது ஒருவர் மற்றொருவரின் அருகில் கண் விழித்து அமர்ந்ததிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இனி, பரிமேலழகர் கூறும் நான்கு பண்புகளையும் இக்காலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் பேரன், 19 வயதுக் கல்லூரி மாணவன், நண்பன் ஓட்டிய இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றபோது தலையில் அடிபட்டான். தலைக்கவசம் ஒன்று வண்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பதினான்கு நாட்கள் அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்தப் பதினான்கு இரவுகளில் தாழ்வாரத்தில் நான் கண்டவற்றையே இடையிடையே சான்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, அன்புடைமை. உள்ளே அழைக்கப்பட்ட முதல் நாளில் பெரும்பாலோர் கட்டிலின் காலடியிலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். வாயில் ஒரு குழல், கழுத்தில் ஒரு குழல், கையில் ஊசி, மார்பில் கம்பிகள், தலைமாட்டில் ஒலிக்கும் திரை. வீங்கிய முகத்தில் தெரிந்த சாயலே இல்லை. எங்கள் வீட்டினரும் அவ்வாறே நின்றனர். அங்கிருந்த செவிலியர் ஒருவர், “பாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். பதில் வராது, இருந்தாலும் பேசுங்கள்” என்றார். என்ன பேசுவது என்று என் தமக்கைக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, வீட்டுப் பசு கன்று ஈன்றதைச் சொல்லத் தொடங்கினார். கன்றின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டியைச் சொன்னார். அது முதல் நாள்தோறும் கன்றின் கதை வளர்ந்தது. நோயாளி கேட்கிறானா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாத நிலையிலும், கேட்கிறான் என்று கொண்டு பேசுவதே முறை. மயக்கம் தெளியும் காலத்தில் நோயாளிகள் பலர் பகல் இரவு தெரியாமல் மனங்குழம்புவர். ‘இன்று செவ்வாய்க்கிழமை; நீ மருத்துவமனையில் இருக்கிறாய்; அம்மா வெளியில் இருக்கிறார்’ என்று பழகிய குரல் ஒன்று அமைதியாகச் சொல்வது அக்குழப்பத்தில் அவர்களுக்குப் பிடிமானம் ஆகும். கதறி அழுவதற்குத் தாழ்வாரம் இருக்கிறது. கட்டிலின் அருகே கொண்டுசெல்ல வேண்டியது நிதானமான குரலே.

இரண்டாவது, மூவகைத் தூய்மை. மெய்யின் தூய்மையிலிருந்து தொடங்குவோம். 1847ஆம் ஆண்டு வியன்னா நகரில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குழந்தை பெற்ற தாய்மார் காய்ச்சலால் மிகுதியாக இறப்பதைக் கண்டு, மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே அவர்களைத் தொடவேண்டும் என்று விதித்தார். இறப்பு விரைந்து குறைந்தது. அவர் கூறிய காரணத்தை அக்காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. பின்வந்த அறிவியல் அவர் பக்கம் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் உடலில் ஒவ்வொரு குழலும் கிருமி நுழையும் வழியாகும். ஆகவே கைகழுவாமல் கட்டிலைத் தொடாதீர்கள். சளி, காய்ச்சல் உடையவர் உள்ளே செல்ல வேண்டாம். விபூதியோ, தீர்த்தமோ, வேறு எதுவோ, செவிலியரைக் கேளாமல் நோயாளியின் வாயிலும் காயத்திலும் இட வேண்டாம். அனுமதி ஒருவருக்கே என்றால் ஒருவரே செல்லுங்கள். உறவினர் பலர் வந்து கூடுவது நம் நாட்டு அன்பின் வழக்கம். அந்த அன்பு வெளியில் நின்று இரத்தம் கொடுக்கட்டும்.

மொழியின் தூய்மை என்பது யாது? அறியாததை அறிந்ததுபோல் சொல்லாமை. தாழ்வாரத்தில் ஒரு நாளுக்கு நூறு வதந்திகள் பிறக்கின்றன. ‘குழல் போட்டால் பிழைக்கமாட்டார்’ என்பார் ஒருவர். ‘பணத்துக்காக வைத்திருக்கிறார்கள்’ என்பார் மற்றொருவர். கைப்பேசியில் எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பை வாசிப்பார் மூன்றாமவர். இவை யாவும் ஏற்கெனவே அஞ்சிக் கிடக்கும் தாயின் செவியில் விழுகின்றன. மருத்துவர் சொன்னதை, அவர் சொன்ன அளவில், கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே மொழித் தூய்மை.

மனத்தின் தூய்மையே எல்லாவற்றிலும் அரிது. வண்டியை ஓட்டிய நண்பன், கையில் கட்டோடு, தாழ்வாரத்தின் கடைசியில் தனியே உட்கார்ந்திருந்தான். எங்கள் உறவினர் எவரும் அவனோடு பேசவில்லை. சிலர் அவன் செவிபடவே கடுஞ்சொல் கூறினர். அவன் எழுந்து போகவும் இல்லை. மறுமொழி சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில், அடிபட்டவனின் தாய், அதாவது என் தமக்கையின் மகள், தமக்கு வந்த இட்டிலிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் சென்றார். “நீ சாப்பிட்டாயா, தம்பி?” என்று கேட்டார். அவன் அப்போதுதான் அழுதான். அதற்குப் பிறகு அந்தத் தாழ்வாரத்தில் ஓடி ஆடி வேலை செய்தவன் அவனே. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியவனும், இரத்தம் கொடுக்க நண்பர்களைத் திரட்டியவனும் அவனே. குற்றம் யாருடையது என்பதை ஆராய வேறு இடமும் காலமும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினால், நோயாளிக்கு உதவும் கைகளில் ஒன்றை நாமே வெட்டியவர் ஆவோம்.

மூன்றாவது, சொல்லியவாறு செய்யும் வன்மை. இதற்கு ஒழுங்கு வேண்டும். குடும்பத்தில் ஒருவரையே மருத்துவரோடு பேசுவதற்கு என்று அமர்த்துங்கள். ஐவர் ஐந்து முறை கேட்டால் ஐந்து விதமாக விளங்கிக்கொள்வர். மருத்துவரின் நேரமும் வீணாகும். கேட்கவேண்டிய வினாக்களை முன்னரே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கூறிய விடையைத் தேதியிட்டு எழுதுங்கள். நோயாளிக்கு முன்பே இருந்த நோய்கள், உண்டுவந்த மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றைக் கேட்குமுன்பே சொல்லுங்கள். உணர்விழந்தவன் தன் நிலையைத் தானே உரைக்க இயலாது, அவனுக்காக உரைப்பவர் நீங்களே. முறை வைத்துக் காத்திருங்கள். கோபன்ஹேகன் மாணவர்கள் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது, ஒருவர் எழுந்தபோது மற்றொருவர் அமர்ந்ததால்தான். உண்ணாமலும் உறங்காமலும் இருப்பதை அன்பின் அளவுகோலாகக் கொள்பவர் ஐந்தாம் நாள் தாமே நோயாளியாகிவிடுவர். காத்திருப்பு நெடியது, அதற்கேற்ற வலிமையைச் சேமித்துக்கொள்வதும் கடமையே.

நான்காவது, அறிவுடைமை. திரையில் ஓடும் எண்களைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அவற்றை வாசிக்கக் கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மருத்துவர் பேசும் சொற்களில் சிலவற்றை அறிந்திருப்பது நலம். தலைக் காயம் பட்டவரின் உணர்வு நிலையை அளக்க ‘கிளாஸ்கோ அளவை’ என்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள் 1974ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4 மதிப்பெண், பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்று மொத்தம் 15. மிகக் குறைந்த அளவு 3. தேர்வு மதிப்பெண்ணைப் போல இதைக் கருதிவிடாதீர்கள். மூச்சுக் குழல் குரல்வளையின் ஊடே செல்வதால் நோயாளியால் பேச முடியாது. ஆகவே பேச்சின் பகுதியை அப்போது அளக்கவே இயலாது. அடிபட்ட மூளை முதல் சில நாட்களில் வீங்கக்கூடும் என்பதால், மருத்துவர்களே மருந்து கொடுத்து உறங்க வைத்திருப்பதும் உண்டு. ‘நேற்றும் விழிக்கவில்லை, இன்றும் விழிக்கவில்லை’ என்று உள்ளம் உடைவதற்கு முன், அவ்வுறக்கம் காயத்தால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று கேட்டறியுங்கள். அந்த ஒரு வினாவின் விடை ஓர் இரவின் துன்பத்தைக் குறைக்கும்.

எங்கள் பேரன் பன்னிரண்டாம் நாள் கண் திறந்தான். கண் திறந்தவுடன் எழுந்து நடப்பது திரைப்படத்தில்தான். அவன் தானே உண்பதற்குப் பல வாரங்களும், நடப்பதற்குப் பல மாதங்களும் சென்றன. இன்றும் சில பெயர்கள் அவனுக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. கோபம் மட்டும் விரைந்து வருகிறது. காத்திருப்பு மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவன் தாய் இன்றும் நாள்தோறும் அறிகிறார்.

மாணவர்களே, எல்லாக் காத்திருப்பும் நலமாக முடியும் என்று உங்களுக்குக் கூறமாட்டேன். கூறினால் அது மொழித் தூய்மை ஆகாது. எங்களுக்கு அடுத்த பாயில் ஒரு பெண்மணி இருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அவருடைய கணவர் ஒன்பதாம் நாள் காலமானார். கையெழுத்துகள் எல்லாம் முடிந்து புறப்படும்போது, அன்று காலையில் வந்து வெறுந்தரையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரிடம் தம் பாயைக் கொடுத்துவிட்டு, “இந்த இடத்தில் குளிர்காற்று அடிக்காது, ஐயா, இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சென்றார். துன்பத்தின் உச்சியில் நின்றவர் மற்றவருக்கு நினைவாகச் செய்த உதவி அது. என் முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் அதற்கு ஒப்பான பாடம் ஒன்றை நான் நடத்தியதில்லை.

சில வேளைகளில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூளை மீள முடியாதவாறு செயலிழந்துவிடும். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதை இறப்பு என்றே ஏற்கிறது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அதனை உறுதிசெய்ய வேண்டும். அந்நிலையில் உறுப்புகளைப் பிறருக்கு வழங்குவீர்களா என்று குடும்பத்தினரைக் கேட்பர். இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டம் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டில் அரசின் வழியாக முறைப்படுத்தப்பட்டது. உறுப்பு வழங்கியோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த வினாவுக்கு ஆம் என்பதும் இல்லை என்பதும் அக்குடும்பத்தின் உரிமை. ஆனால் அந்த நள்ளிரவில் முதன்முதலாக அதைப்பற்றி எண்ணத் தொடங்குவதைவிட, நலமாக இருக்கும் நாளிலேயே உங்கள் வீட்டில் அதைப்பற்றி ஒருமுறை பேசியிருப்பது நல்லது.

விபத்து நேர்ந்த முதல் மணித்துளிகளைப் பற்றியும் ஒரு சொல். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால், வழக்கில் சிக்கிக்கொள்வோம் என்று அஞ்சி விலகாதீர்கள். உதவ முன்வருவோரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. 2019ஆம் ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நம் மாநிலத்தில் 108 அவசர ஊர்திப் பணி 2008ஆம் ஆண்டிலும், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் அரசுத் திட்டம் 2021ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. அந்த எண்ணை அழைப்பதும், ஊர்தி வரும்வரை அறிமுகமற்ற அம்மனிதரின் அருகில் நிற்பதும் உழைச்செல்வானின் பணியே. வண்டியில் ஏறுமுன் தலைக்கவசத்தை அணிவதோ, உங்களுக்காகத் தாழ்வாரத்தில் காத்திருக்கக்கூடியவர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே செய்யும் கருணை. ஓட்டுபவருக்கு மட்டும் அன்று, பின்னால் அமர்பவருக்கும் அது வேண்டும்.

மருத்துவத்தின் மூன்று கூறுகள் நம் கையில் இல்லை. நோய் எவ்வளவு கடியது என்பதை நாம் முடிவுசெய்வதில்லை. மருத்துவரின் திறமையும் மருந்தின் ஆற்றலும் நம்மால் ஆவன அல்ல. நான்காவது கூறு ஒன்றே நமக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அன்பும், தூய்மையும், ஒழுங்கும், அறிவும் வேண்டும். இவற்றை இன்றே பழகிக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் தங்கையின் அருகிலும், கண் தெரியாத பாட்டியின் அருகிலும் அரைமணி நேரம் கைப்பேசியை வைத்துவிட்டு அமர்ந்து பழகுங்கள். அவ்வாறு பழகியவர், கடுமையான நாள் வரும்போது கதவின் முன் திகைத்து நிற்கமாட்டார்; உள்ளே அழைத்தவுடன் கைகழுவிக்கொண்டு, அருகில் சென்று, கையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.